ஸ்டெப் மார்க் கிடையாது

மூன்றே எழுத்து. ஏ, டி, டி. ‘ஆட்’. சேர் என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்தை டைப் அடிக்க நான் மறந்துபோனதால், 2007-ம் வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பில்கூடப் போட முடியவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் உங்கள் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொண்டு, அதில் எல்லோர் கையிலும் இரண்டு கட்டைப்பையைக் கொடுத்துவிடுங்கள். சரியாக இருக்கும்.

அந்தக் கடையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற கம்பெனியில் நான் இன்ஜினீயர். கூட்டம் தாங்காமல் இரண்டாவது மாடியில் அவசரமாக நாலு பில்லிங் கவுன்ட்டர் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அவற்றை கிண்டியில் ஆபீஸில் உட்கார்ந்தபடியே நான் நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் இருக்கிற விளக்கு ஸ்விட்ச் இல்லை, இது வேறு. மாடிக்கு மாடி போகிற ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகளைத் தனித்தனியாக ஓட்டலாம். எந்தெந்த நெட்வொர்க் போகலாம் என்று அந்த ஸ்விட்சில் ஒரு பட்டியல் இருக்கும். புது கவுன்ட்டர்களின் நெட்வொர்க் நம்பர் 30. பட்டியலில் ‘30-ஐச் சேர்’ என்று சொல்ல வேண்டும். நான் ‘30’ என்று மட்டும் சொன்னேன். ஸ்விட்ச் ரொம்ப விசுவாசமான பிராணி. ‘ஓஹோ, இனிமே 30 மட்டும்தான் போல’ என்று புரிந்துகொண்டு, மற்ற அத்தனையையும் நிறுத்திவிட்டது. நான் எந்த வழியாக உள்ளே நுழைந்திருந்தேனோ, அந்த வழியும் அந்த ‘மற்ற அத்தனை’யில் ஒன்று. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டினவன் கதை. ஸ்கிரீன் அப்படியே உறைந்தது.

நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கென்று ஒரு வெளிர்நீல தட்டை கேபிள் உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பனகல் பார்க்குக்கு முன்னாலேயே ஆட்டோக்காரர், “இதுக்கு மேல போவாது சார்” என்று இறக்கிவிட்டார். கூட்டத்தில் நீந்திக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. கடையின் எலெக்ட்ரீஷியன். வயசானவர்.

“சார், நீங்க வர வேணாம். அந்தப் பெட்டிய மெயின்ல ஒருதபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். எல்லாம் வந்துருச்சு.”

நான் தப்பாகக் கொடுத்த உத்தரவை ‘சேவ்’ செய்திருக்கவில்லை. அதனால் கரன்ட் போய் வந்ததும் பெட்டி தன் பழைய ஞாபகத்தோடு கண் விழித்துவிட்டது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரியும்கூட. அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு என் விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் சி.சி.என்.பி. என்று நாலு எழுத்து இருந்தது. சிஸ்கோ கம்பெனி நடத்துகிற நெட்வொர்க் பரீட்சைகளில் நடு நிலைப் பட்டம். அப்போது அதற்கு நாலு பேப்பர். நாலையும் நான் ‘டம்ப்’ படித்துத்தான் பாஸ் செய்திருந்தேன். டம்ப் என்றால், பரீட்சையில் வருகிற கேள்விகளை யாரோ திருடி, விடையோடு விற்பது. நாலு சனி-ஞாயிறு, நாலு பேப்பர், நாலு எழுத்து. நம் ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மை. அது எனக்குச் சமாதானமாக இருந்தது அந்த எலெக்ட்ரீஷியனின் போன் வரும்வரை.

கம்பெனியில் ஒரு மெமோ கொடுத்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் எனக்குள் ஏதோ போய்விட்டது.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அவள் ஸ்கூலில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். மூன்று மாசக் குழந்தையோடு லீவில் இருந்தாள்.

“அப்ப படிச்சுடுங்க” என்றாள். “பரீட்சைக்கு இல்ல. நிஜமா.”

நிஜமாகப் படிப்பதற்கும் ஒரு பரீட்சை இருந்தது. சி.சி.ஐ.ஈ. சிஸ்கோவின் மேல் படி.

இந்தப் பரீட்சைக்கு ஒரு சுவாரஸ்யமான சரித்திரம் உண்டு. ஆரம்பித்தது 1993-ல். பாஸ் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஆயுசுக்கும் ஒரு நம்பர். நம்பரை 1-ல் ஆரம்பிக்கவில்லை, 1024-ல் ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு 1024 என்பது நமக்கு நூற்றியொன்று மாதிரி, ஒரு மொய் நம்பர். அந்த 1024-ஐக்கூட மனுஷனுக்குக் கொடுக்கவில்லை. பரீட்சை நடக்கிற லேப் அறைக்கே கொடுத்துவிட்டார்கள். சிஸ்கோவுக்கு வெளியிலிருந்து முதலில் பாஸ் செய்தவர் டெர்ரி ஸ்லாட்டரி. அவர் நம்பர் 1026.

முதலில் ஓர் எழுத்துத் தேர்வு. அதைத் தாண்டினால் லேப். ஓர் அறை, ஓர் அடுக்கு ரவுட்டர், ஸ்விட்ச், ஒரு கட்டு கேள்வித்தாள். ‘இப்படி இப்படி ஒரு நெட்வொர்க் கட்டு’ என்பார்கள். கட்ட வேண்டும். 2001 வரை இது இரண்டு நாள் பரீட்சை. இரண்டாம் நாள் மதியம் நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது, மேற்பார்வையாளர் வந்து நீங்கள் பாடுபட்டுக் கட்டியதில் அங்கங்கே கோளாறு செய்து வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிடக் கொடூரமான மத்தியானச் சாப்பாடு உலகத்தில் கிடையாது. நான் எழுதியபோது ஒரே நாள், எட்டு மணி நேரம் என்று ஆக்கியிருந்தார்கள். நூற்றுக்கு 80 எடுத்தால் பாஸ்.

பீஸ் 1,400 டாலர். ஒவ்வொரு தடவைக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, ஏதோ ஒரு பேங்க் கழித்துக்கட்டிய பழைய சிஸ்கோ 2501 ரவுட்டர் ஆறு வாங்கினேன். பீரோவில் பாதி அகலத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு தகரப் பெட்டி. வேளச்சேரியில் எங்கள் ஒற்றை பெட்ரூம் வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கி, கரன்ட் கொடுத்தால், ஆறு ஃபேனும் சேர்ந்து ரைஸ் மில் மாதிரி இரைந்தன. குழந்தை எழுந்துகொள்ளும் என்று பயந்தோம். நடந்தது தலைகீழ். இரைச்சல் வந்தால்தான் அவள் தூங்கினாள். ராத்திரி கரன்ட் கட்டானால் ஃபேன் காற்று நின்றதற்காக அழவில்லை, ரவுட்டர் நின்றதற்காக அழுதாள்.

பழைய பெட்டிகளில் புதுப் பாடங்கள் எல்லாம் ஓடாது. அதற்கு ஒரு புண்ணியவான் வழி செய்திருந்தார். பிரான்ஸ்காரர், கிறிஸ்டோஃப் ஃபில்லோ என்று பெயர். சாதாரண கம்ப்யூட்டருக்குள்ளேயே சிஸ்கோ ரவுட்டரைப் போல நடிக்கிற ‘டைனமிப்ஸ்’ என்கிற புரோகிராமை எழுதி 2005-ல் சும்மா கொடுத்துவிட்டார். என் தலைமுறையில் பாதிப் பேர் படித்தது அதில்தான். ஆனால் அது ரவுட்டராக நடிக்கும், ஸ்விட்சாக நடிக்காது. ஸ்விட்ச் பழக, அமெரிக்காவில் யாரோ வைத்திருக்கிற நிஜப் பெட்டிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து இன்டர்நெட் வழியாகத் தொட வேண்டும். அவர்கள் ஊர் பகல், நம் ஊர் ராத்திரி. பத்து மணிக்கு ஆரம்பித்தால் நாலு மணி.

இப்போது யோசித்தால் அப்படி ராத்திரி விழித்துப் படித்ததில் பாதி வீணாகிவிட்டது. ‘ஃப்ரேம் ரிலே’ என்று ஒரு தொழில்நுட்பம். மாசக்கணக்கில் அதைக் கரைத்துக் குடித்தேன். 2014-ல் அதைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2020-ல் பரீட்சையின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். எட்டு மணி நேரம் மட்டும் மாறவில்லை. இன்று எழுதுகிற பிள்ளைகளுக்கு பைத்தான் தெரிந்திருக்க வேண்டும். 2501 என்றால் ஏதோ பஸ் நம்பர் என்று நினைப்பார்கள்.

வீணாகாத சமாச்சாரங்களும் உண்டு. 2008 பிப்ரவரி 24. நான் எழுத்துத் தேர்வுக்கு பி.ஜி.பி. படித்துக்கொண்டிருந்த நேரம். உலகத்தில் இருக்கிற பெரிய பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று ‘இந்த முகவரிகளுக்கு என் வழியாக வா’ என்று அறிவித்துக்கொள்கிற முறை அது. அன்றைக்கு யூட்யூப் உலகம் முழுக்க இரண்டு மணி நேரம் போல வேலை செய்யவில்லை. பாகிஸ்தான் அரசாங்கம் தன் நாட்டுக்குள் யூட்யூபைத் தடைசெய்யச் சொல்ல, பாகிஸ்தான் டெலிகாம், ‘யூட்யூப் முகவரியா? அது என்னிடம் இருக்கிறது’ என்று உள்ளூருக்குள் ஒரு பொய் அறிவிப்புக் கொடுத்தது. அது எல்லை தாண்டிக் கசிந்து ஹாங்காங் வழியாக உலகம் முழுக்கப் போய்விட்டது.

நிஜ யூட்யூபும் அறிவிப்புக் கொடுத்துக்கொண்டுதானே இருந்தது? ஏன் பொய்யை நம்பினார்கள்? இங்கேதான் சூட்சுமம். ‘வேளச்சேரி தபாலெல்லாம் என்னிடம் கொடு’ என்று ஒருத்தர் சொல்லி, ‘வேளச்சேரியில் காந்தி ரோடு தபாலை என்னிடம் கொடு’ என்று இன்னொருத்தர் சொன்னால், காந்தி ரோடு கடிதம் யாருக்குப் போகும்? இரண்டாவது ஆளுக்கு. குறிப்பாகச் சொன்னவன்தான் ஜெயிப்பான். அவன் யோக்கியனா என்று ரவுட்டர் கேட்காது. யூட்யூப் 1,024 முகவரிகளுக்கு மொத்தமாகச் சொல்லியிருந்தது, பாகிஸ்தானிலிருந்து வந்த அறிவிப்பு அதற்குள் 256-க்கு மட்டும். கடைசியில் யூட்யூபும் அதையே செய்தது. இன்னும் குறுக்கி, 128, 128 ஆக அறிவித்துத் தன் வீட்டைத் தானே மீட்டுக்கொண்டது.

மறுநாள் ராத்திரி இதை அப்படியே என் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்தேன். ஒரு யூட்யூப், ஒரு பாகிஸ்தான், ஒரு ஹாங்காங். திருடினேன், மீட்டேன், மறுபடி திருடினேன். விடியற்காலை மூன்று மணிக்கு, டம்ப் படித்த நாலு வாரத்தில் ஒரு நிமிஷம்கூட வராத ஒரு சந்தோஷம் வந்தது. எழுப்பிச் சொன்னால் அடிப்பாளே என்று காலை வரை காத்திருந்து மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

சொல்லப்போனால் நான் படித்த எல்லாவற்றையும் அவளும் கேட்டாள். ஓ.எஸ்.பி.எஃப். என்று ஒன்று. நெட்வொர்க்குக்குள் குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிக்கும். அதற்கு அடிப்படையான கணக்கை டைக்ஸ்ட்ரா என்கிற டச்சுக்காரர் 1956-ல் ஆம்ஸ்டர்டாமில், கடைக்குப் போய்விட்டு வந்த களைப்பில், கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில், பேப்பர் பேனா இல்லாமல் இருபதே நிமிஷத்தில் மனசுக்குள் போட்டு முடித்தார். ஆச்சரியமாக இதைச் சொன்னேன்.

“கூட வந்த பொண்ணு அந்த இருபது நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தாளாம்?” என்று கேட்டாள்.

பதில் சொல்லவில்லை. குழந்தைக்குத் துணி மாற்றப் போய்விட்டேன்.

எழுத்துத் தேர்வு பாஸ். ஜூலையில் லேப். அப்போது டாலர் 43 ரூபாய் சொச்சம், பீஸ் 60 ஆயிரம். பி.எஃப். லோன் போட்டேன். வந்திருந்த மாமனார், “இன்னும் எத்தனை பரீட்சைங்க மாப்ள பாக்கி?” என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “இதான் மாமா கடைசி” என்றேன்.

நம் பக்கத்தில் லேப் இருந்தது பெங்களூரில், அவுட்டர் ரிங் ரோடு சிஸ்கோ வளாகத்தில். முதல் நாளே போய் மாரத்தஹள்ளியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். என்ன கேட்டார்கள் என்று எழுத மாட்டேன். வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உட்கார வைக்கிறார்கள். கலர் பென்சில் கொடுத்தார்கள், படம் போட்டுப் பார்த்துக்கொள்ள. சிஸ்கோவின் கையேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம், ஆனால் தேடும் வசதியைத் தடுத்திருப்பார்கள். ஆக, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் கையேடு. நம் ஊர் ‘ஓப்பன் புக்’ பரீட்சை மாதிரியேதான்.

மூன்றரை மணிக்குள் எல்லாம் முடித்துவிட்டேன். திருப்தியாக ஒருமுறை பார்த்தேன். ஒரு மூலையில் ஒரு ரவுட்டருக்கு மட்டும் வழி கொஞ்சம் சுற்றிப் போகிற மாதிரி இருந்தது. ‘இதையும் நேராக்கிவிடலாமே’ என்று கை வைத்தேன்.

தாலுகா ஆபீஸில் ஒரு சர்ட்டிஃபிகேட்டுக்காக அலைந்திருக்கிறீர்களா? முதல் சீட்காரர், “அந்த சீட்டுக்குப் போங்க” என்பார். அங்கே போனால், “அவரைத்தானே பாக்கணும்?” என்று முதல் சீட்டையே காட்டுவார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் சொன்னதை நம்புகிறார்கள். நெட்வொர்க்கில் இதற்கு ரவுட்டிங் லூப் என்று பெயர். இரண்டு பாஷை பேசுகிற இரண்டு ஊர்களுக்கு நடுவே இரண்டு துபாஷிகளை வைத்தால், ஒருத்தர் மொழிபெயர்த்து அனுப்பிய செய்தியையே இன்னொருத்தர் திருப்பி மொழிபெயர்த்து, புதுச்செய்தி மாதிரி பழைய ஊருக்கே கொண்டுவந்துவிடுவார். நான் கை வைத்தது சரியாக ஒரு துபாஷி மேல். பாக்கெட்டுகள் இங்கேயும் அங்கேயும் சுற்ற ஆரம்பித்தன. ஒரே நல்ல விஷயம், பாக்கெட் கிளம்பும்போதே அதன் ஹெட்டரில் ஓர் எண் எழுதி அனுப்புகிறார்கள், அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பூஜ்ஜியம் ஆனால் அங்கேயே சாவு. ஹெட்டர் என்பதைத் தலையெழுத்து என்று மொழிபெயர்த்தால் தப்பில்லை. தாலுகா ஆபீஸில் நமக்கு அந்த விமோசனம்கூடக் கிடையாது.

மீதி நேரம் முழுக்க அதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்க்க அவிழ்க்க வேறு இடத்தில் சிக்கியது. நேரம் முடிந்துவிட்டது.

லாட்ஜில் பக்கத்து ரூம்காரரும் லேப் எழுத வந்தவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு டீ வரவழைத்தார். ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் காட்டினார். லேப் கேள்விகள். அப்படியே, படத்தோடு. ஐம்பதாயிரம், பாதி இப்போது, பாதி பாஸ் ஆன பிறகு. “மார்க்கெட் ரேட் இது. ஏமாத்து வேலை இல்லை” என்றார் நேர்மையாக.

நான் வாங்கவில்லை. யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. என்னிடம் ஐம்பதாயிரம் இல்லை என்பதுதான் முதல் காரணம். இருந்திருந்தால் அந்த ராத்திரி வாங்கியிருப்பேனோ என்னவோ. என் நண்பன் ஒருவன் வேறு இடத்தில் வாங்கினான், ஒரே தடவையில் பாஸ் செய்தான், வளைகுடாவில் நல்ல வேலைக்குப் போனான், இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறான். கதைகளில்தான் அப்படிப்பட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ரிசல்ட் வந்தது. ஃபெயில். ஃபெயிலானால் பகுதிவாரியாக எத்தனை சதவிகிதம் என்று ஒரு சீட்டு வரும். அதை மனைவி ஸ்கூல் பேப்பர் திருத்துகிற மேஜையில் வைத்துப் பார்த்தாள். அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

“இந்தக் கேள்வில பத்து விஷயம் கேட்டு, ஒன்பது சரியா செஞ்சிருந்தா எத்தனை மார்க்?”

“பூஜ்ஜியம்.”

“ஸ்டெப் மார்க்?”

“கிடையாது.”

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, விடை தப்பானாலும் சூத்திரம் எழுதியதற்கு ஒன்று, படம் போட்டதற்கு ஒன்று என்று தேடித்தேடி மார்க் போடுகிறவள் அவள். “என்னங்க பரீட்சை இது, மனுஷங்களுக்கு வைக்கிறதா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா சரிதான். அந்த ஜவுளிக்கடைல நீங்க ஒரு வார்த்தைதான விட்டீங்க? மத்ததெல்லாம் சரியாத்தான அடிச்சீங்க?” என்றாள்.

அதன்பிறகு அவள் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. “உங்களுக்குக் கட்டத் தெரியுது. ஒடஞ்சா பதறுறீங்க. அந்தக் காலத்துல சாப்பிடப் போனப்ப ஒடச்சு வைப்பாங்கன்னு சொன்னீங்களே, அத நான் பண்றேன்.”

அவளுக்கு நெட்வொர்க் தெரியாது. நாலு கமாண்ட் சொல்லிக் கொடுத்தேன். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடப்பேன். வருவதற்குள் ஒரு கோளாறு செய்து வைத்திருப்பாள். அரை மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு கேபிளை உருவி வைத்திருந்தாள். அரை நிமிஷம். இரண்டாம் நாள் கேபிளை உருவி, மறுபடி முழுசாக அழுத்தாமல் செருகி வைத்திருந்தாள். பார்த்தால் மாட்டியிருக்கும். அதற்குப் பத்து நிமிஷம். ஒரு வாரத்தில் கை தேர்ந்துவிட்டாள். முகவரியில் கடைசி 2-ஐ 12 ஆக்குவாள். 255-ஐ 225 ஆக்குவாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் 255 என்று எதிர்பார்க்கிற கண்ணுக்கு 225-ம் 255 ஆகத்தான் தெரிகிறது. “பசங்க பேப்பர்லயும் இதான். அவங்க எழுதினத அவங்களால பாக்கவே முடியாது. எழுத நெனச்சதத்தான் படிப்பாங்க” என்றாள். ஒரு பழைய அன்ரூல்டு நோட்டில் தேதி போட்டு, கோளாறு எழுதி, எனக்குப் பத்துக்கு மார்க் போட்டாள். ஒன்று பத்து, இல்லாவிட்டால் பூஜ்ஜியம். அவள் வாழ்க்கையிலேயே ஸ்டெப் மார்க் போடாமல் திருத்திய ஒரே நோட்டு அதுதான்.

அக்டோபரில் ஒரு ராத்திரி. அரை மணி ஆயிற்று, கிடைக்கவில்லை. ஒரு மணி. கேபிளெல்லாம் சரி. முகவரி சரி. எல்லா ரவுட்டரும் பக்கத்து ரவுட்டரோடு பேசுகிறது. வழிகள் சரி. பதினொன்றரைக்கு, “தோத்துட்டேன், சொல்லிடு” என்றேன்.

“இன்னிக்கு நான் ஒண்ணுமே பண்ணல” என்றாள்.

கோபம் வந்தது. உண்மையாகவே கத்திவிட்டேன். குழந்தை எழுந்துவிட்டது. அவள் எழுந்து குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “ஒண்ணரை மணி நேரம் பாத்தீங்கள்ல. எல்லாம் சரியா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா சரின்னு உங்களால சொல்ல முடியல. ஜூலைலயும் அதான் பண்ணீங்க.”

அன்றைக்கு பத்துக்குப் பூஜ்ஜியம்.

மறுபடி பீஸ் கட்டப் போனபோது, செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த புண்ணியத்தில் டாலர் 48-ஐத் தாண்டியிருந்தது. அதே பரீட்சை, 8 ஆயிரம் கூடுதல். அவளுடைய இரண்டு வளையல் பேங்க்குக்குப் போனது. கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வேறு. இந்தத் தடவை மாமனார் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டிசம்பர். அதே லாட்ஜ், வேறு ரூம். அதே அறை, அதே கலர் பென்சில். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் படித்தேன். மூன்று மணிக்கு முடித்தேன். பிறகு ஒவ்வொரு கேள்வியாகப் போய், கேட்டது நடக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். 255-களை விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். இரண்டு இடத்தில் தப்பு கிடைத்தது, திருத்தினேன். ஓரிடத்தில் ஒரு வழி லேசாகச் சுற்றிப் போவது மாதிரி இருந்தது. கேள்வியைப் பார்த்தேன். நேராகப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி நாற்பது நிமிஷம் நான் ஒன்றுமே பண்ணவில்லை. எட்டு மணி நேரத்தில் அதுதான் கஷ்டமாக இருந்தது.

ராத்திரி மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். இவ்வளவு சீக்கிரம் வராது என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். வந்திருந்தது. சதவிகிதச் சீட்டு இல்லை. பாஸ் என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பர்.

மனைவிக்குப் போன் போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “குழந்தை தூங்குது, மெதுவா பேசுங்க” என்றாள். “ரவுட்டர் ஓடுதா?” என்றேன். “ஓடுது” என்றாள். குரல் சரியாக இல்லை. வைத்துவிட்டாள்.

அடுத்து கும்பகோணத்துக்கு. அம்மா தூங்கப்போகிற நேரம்.

“பாஸாயிட்டேம்மா.”

“மகராசனா இரு. எத்தன மார்க்குடா தம்பி?”

“மார்க்கெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா.”

“மார்க் சொல்லாம பாஸுன்னு எப்பிடித் தெரியும்?”

“ஃபெயிலானாதாம்மா மார்க் சொல்லுவாங்க. பாஸானா ஒரு நம்பர் மட்டும் குடுப்பாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“எதுர் வீட்ல கேப்பாங்களேடா. சரி, அந்த நம்பரச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

காலண்டரை எடுக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். திருப்பிப் படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

“சரி தம்பி, இது எத்தனைக்கு?” என்றாள்.